ஸ்கேனில் சுத்தம் என்று வந்த கோப்பை நம்பலாமா?

உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். பூட்டுச் சின்னம் தெரியும் தளங்களிலிருந்து மட்டும் பதிவிறக்குகிறீர்கள். கணினியில் ஆன்டிவைரஸ் இருக்கிறது. சந்தேகம் வந்தால், பல ஸ்கேனர்களால் ஒரே நேரத்தில் கோப்பைச் சோதிக்கும் வைரஸ்டோட்டல் தளத்தில் ஏற்றிப் பார்க்கிறீர்கள். இவ்வளவு போதுமா என்பது முதல் கேள்வி. குடும்ப ஆவணங்களை கிளவுட் சேமிப்பகத்தில் வைத்து உறவினர்களுக்கு இணைப்பு அனுப்புவது பாதுகாப்பானதா என்பது இரண்டாவது. ஆனால் போகிறபோக்கில் எழுதியதுபோல் கடைசியில் வைத்திருக்கும் இரண்டு வரிகள்தான் உங்களை உண்மையில் உறுத்துகின்றன என்று நினைக்கிறேன். போன வாரம் கடவுச்சொல் போட்ட ஜிப் கோப்பு ஒன்றைப் பதிவிறக்கி, வைரஸ்டோட்டலில் சுத்தம் என்று வந்ததும் உள்ளே இருந்த நிரலை இயக்கினீர்கள். கறுப்பு ஜன்னல் ஒன்று மின்னி மறைந்தது. எதிர்பார்த்த மென்பொருள் திறக்கவே இல்லை. "பிறகு ஒன்றும் நடக்கவில்லை" என்கிறீர்கள். அப்படி ஒன்றும் நடக்காததை நம்பி நிம்மதியாக இருக்கலாமா என்பதே நீங்கள் கேட்க வந்தது. இருக்க வேண்டாம். மற்ற இரண்டுக்கும் பிறகு வருகிறேன். முதலில் இதைப் பார்ப்போம்.

அலுவலகங்களின் கணினிகளையும் சர்வர்களையும் பராமரிப்பது பதினெட்டு ஆண்டுகளாக என் வேலை. நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் தீநிரல், அதாவது கேடு செய்ய எழுதிய நிரல், புகுந்தால் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியும். கணினி மந்தமாகும், கேட்காத விளம்பரங்கள் வந்து நிற்கும், உலாவியின் முகப்புப் பக்கம் மாறியிருக்கும். இப்போது பரவலாக இருக்கும் தகவல் திருடும் நிரல்கள் அப்படி எதையும் காட்டுவதில்லை. ஓரிரு நிமிடம் ஓடும். உலாவியில் சேமித்துவைத்த கடவுச்சொற்கள், குக்கீகள், தானாக நிரப்பப்படும் விவரங்கள் எல்லாவற்றையும் அள்ளி அனுப்பிவிட்டு, பல நேரங்களில் தன்னையே அழித்துக்கொள்ளும். அதன் பிறகு முழு ஸ்கேன் ஓட்டினாலும் எதுவும் சிக்காது. இதில் பலர் கவனிக்கத் தவறுவது குக்கீ. நீங்கள் ஏற்கெனவே உள்ளே நுழைந்துவிட்டீர்கள் என்பதற்கு அந்தத் தளம் கொடுத்திருக்கும் அனுமதிச் சீட்டு அது. அதைத் திருடியவருக்குக் கடவுச்சொல்லும் வேண்டாம், கைபேசிக்கு வரும் ஒருமுறை எண்ணும் வேண்டாம். நேராக உங்கள் கணக்குக்குள் போய் உட்கார்ந்துவிடலாம்.

ஆகவே, செய்ய வேண்டியது இது. அந்தக் கணினியை இணையத்திலிருந்து துண்டியுங்கள். வேறு ஒரு நம்பகமான கருவியிலிருந்து முதலில் மின்னஞ்சலின் கடவுச்சொல்லை மாற்றுங்கள். மற்றக் கணக்குகளின் கடவுச்சொற்களை மீட்கும் வழி அதன் வழியாகத்தான் போகிறது. மாற்றிய கையோடு "எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறு" என்ற வசதியைப் பயன்படுத்துங்கள். அதுதான் திருட்டுப்போன குக்கீகளைச் செல்லாததாக்கும். மின்னஞ்சலில் உங்களுக்குத் தெரியாமல் தானாக முன்னனுப்பும் விதி எதுவும் சேர்க்கப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். அடுத்து வங்கி, பிறகு மற்றவை. அந்தக் கணினியிலிருந்து புகைப்படங்கள், ஆவணங்கள் போன்ற சொந்தக் கோப்புகளை மட்டும் வெளியே எடுத்துவைத்துவிட்டு, வட்டை முழுவதும் அழித்து இயங்குதளத்தை மீண்டும் நிறுவுங்கள். நிறுவுவதற்கான பென்டிரைவையும் வேறு கணினியில் தயார்செய்யுங்கள். இது அதிகப்படி என்று உங்களுக்குத் தோன்றலாம். உங்கள் கணினியில் தீநிரல் ஓடியது என்று இங்கிருந்து என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது என்பதும் உண்மையே. ஆனால் ஓடவில்லை என்று நிரூபிக்கவும் யாராலும் முடியாது. அரை நாள் வேலையை ஒரு பக்கமும் உங்கள் மின்னஞ்சலையும் வங்கிக் கணக்கையும் மறுபக்கமும் வைத்துப் பாருங்கள்.

இந்த வரிசையை நான் இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. நான் பணியாற்றிய ஓர் அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் இருந்தவர் இதேபோல் ஒரு கோப்பை இயக்கிவிட்டுப் பதறிப்போய் உடனே எல்லாக் கடவுச்சொற்களையும் மாற்றினார். நல்ல காரியம்தான். ஆனால் மாற்றியது அதே கணினியில். உள்ளே இருந்த நிரல் புதிய கடவுச்சொற்களையும் எடுத்துக்கொண்டது. மூன்று வாரம் கழித்து, அவருடைய முகவரியிலிருந்து அவருடைய தொடர்பாளர்கள் அனைவருக்கும் "கணக்கு விவரம்" என்ற பெயரில் ஒரு கோப்பு போனது. தெரிந்த மனிதரிடமிருந்து வந்தது என்று நம்பி நான்கு பேர் திறந்தார்கள். அந்த மூன்று வாரமும் அவர் கணினியில் ஒன்றும் நடக்காததுபோலத்தான் இருந்தது.

அந்த ஜிப் கோப்புக்குக் கடவுச்சொல் எதற்கு என்று யோசித்தீர்களா? கோப்பும் அதைத் திறக்கும் கடவுச்சொல்லும் ஒரே பக்கத்தில் இருந்தால், அது எந்த மனிதரிடமிருந்தும் எதையும் காக்கவில்லை. அது மறைப்பது ஸ்கேனரிடமிருந்து மட்டுமே. மறையாக்கம் செய்த கோப்புக்குள் ஆன்டிவைரஸால் பார்க்க முடியாது. வைரஸ்டோட்டலுக்கும் அதே நிலைதான். அதனால்தான் அங்கே சுத்தம் என்று வந்தது. கூடவே "நிறுவும் முன் ஆன்டிவைரஸை அணைத்துவிடவும்" என்று எழுதியிருந்தால் மேற்கொண்டு எதையும் சோதிக்க வேண்டிய தேவையே இல்லை, அழித்துவிடலாம். நேர்மையான மென்பொருள் தயாரிப்பாளர் எவரும் பொதுமக்களிடம் இந்த இரண்டையும் சேர்த்துக் கேட்டு நான் பார்த்ததில்லை. இதே நோக்கத்துக்காக இன்னொரு தந்திரமும் உண்டு. சின்ன நிரலுக்குள் வெற்றுத் தரவைத் திணித்து நூற்றுக்கணக்கான மெகாபைட்டாக ஊதிவிடுவார்கள். மிகப் பெரிய கோப்புகளைப் பல ஸ்கேனர்கள் முழுமையாகப் பார்க்காமல் விட்டுவிடும். வைரஸ்டோட்டலும் ஓர் அளவுக்கு மேல் ஏற்றுக்கொள்வதில்லை.

இனி உங்கள் முதல் கேள்வி. பூட்டுச் சின்னம் சொல்வது மிகக் குறைவு. உங்களுக்கும் அந்தத் தளத்துக்கும் இடையே போகும் தரவை வழியில் எவரும் படிக்கவோ மாற்றவோ முடியாது என்பதுதான் அதன் பொருள். அந்தத் தளத்தை நடத்துபவர் நல்லவரா என்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அந்தச் சின்னத்துக்குத் தேவையான சான்றிதழை லெட்ஸ் என்க்ரிப்ட் போன்ற அமைப்புகள் இலவசமாகவே தருகின்றன; இணையத்துக்கு அது பெரிய நன்மை, ஆனால் மோசடித் தளமும் அதைப் பெறலாம். மக்கள் அந்தச் சின்னத்தைத் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள் என்பதாலேயே 2023இல் குரோம் உலாவி பூட்டை எடுத்துவிட்டு வேறு குறியை வைத்தது.

வைரஸ்டோட்டல் நல்ல கருவி. நானே அடிக்கடி பயன்படுத்துகிறேன். ஆனால் அதன் விடையைப் படிக்கும் விதம் ஒன்று உண்டு. ஏறத்தாழ 70 ஸ்கேனர்களில் முப்பது நாற்பது எச்சரித்தால் கோப்பு கெட்டது, அதில் சந்தேகமில்லை. பெயர் தெரியாத ஒன்றிரண்டு மட்டும் எச்சரித்து மற்றவை அமைதியாக இருந்தால் அது பெரும்பாலும் தவறான எச்சரிக்கை. சிறு நிறுவனங்களும் தனிமனிதர்களும் எழுதும் கருவிகளுக்கு இது அடிக்கடி நேர்கிறது. பூஜ்யம் என்று வந்தால்? இதுவரை யாரும் இதைக் கெட்டது என்று அடையாளம் காணவில்லை என்பது மட்டுமே உறுதி. நேற்று புதிதாகப் பொதிந்த தீநிரலுக்கும் முதல் நாளில் பூஜ்யம் வரலாம். சில நாள் பொறுத்து மறுபடி சோதித்தால் விடை மாறியிருப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். இன்னொன்றையும் தயவுசெய்து மனத்தில் வையுங்கள். அங்கே ஏற்றும் கோப்பு உங்களுக்கும் அந்தத் தளத்துக்கும் இடையிலான ரகசியம் அல்ல. ஸ்கேனர் நிறுவனங்களோடும் ஆய்வாளர்களோடும் பகிரப்படுகிறது. சம்பளச் சீட்டு, மருத்துவ அறிக்கை, அடையாளச் சான்று போன்றவற்றைச் சோதனைக்காக அங்கே ஏற்றாதீர்கள். கோப்பின் ஹாஷ் எண்ணை மட்டும் கொடுத்துத் தேடும் வசதி அங்கேயே இருக்கிறது.

அந்த ஹாஷ் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பாதிப் புரிதல்தான் இங்கே அதிகம். எஸ்எச்ஏ-256 என்ற கணக்கீடு, கோப்பு எவ்வளவு பெரியதாக இருந்தாலும் அதற்கு 64 எழுத்து நீளமுள்ள ஒரு கைரேகையைத் தரும். கோப்பில் ஒரே ஒரு எழுத்து மாறினாலும் கைரேகை முழுவதும் மாறிவிடும். விண்டோஸில் கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் பவர்ஷெல்லில் கெட்-ஃபைல்ஹாஷ் என்ற கட்டளை இதைக் கணக்கிட்டுத் தரும். லினக்ஸிலும் மேக்கிலும் அதற்கான கட்டளைகள் உண்டு. பழைய தளங்களில் எம்டி5, எஸ்எச்ஏ-1 என்ற பழைய ஹாஷ் முறைகளைப் பார்ப்பீர்கள். பதிவிறக்கம் வழியில் சிதைந்ததா என்று பார்க்க அவை போதும். ஆனால் ஒரே எம்டி5 கொண்ட இரு வேறு தரவுகளை உருவாக்க முடியும் என்று 2004இலேயே காட்டிவிட்டார்கள். 2017இல் கூகுளும் ஆம்ஸ்டர்டாமின் சிடபிள்யுஐ ஆய்வு நிலையமும் ஒரே எஸ்எச்ஏ-1 கொண்ட இரு வேறு பிடிஎஃப் கோப்புகளை வெளியிட்டன. எனவே ஏமாற்றுக்கு எதிரான காப்பாக அவற்றை எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அதைவிட முக்கியமானது, ஹாஷை எங்கிருந்து எடுக்கிறீர்கள் என்பது. 2016 பிப்ரவரியில் லினக்ஸ் மின்ட் என்ற இயங்குதளத்தின் தளத்துக்குள் புகுந்தவர்கள், பதிவிறக்க இணைப்பை, பின்கதவு (வெளியிலிருந்து ரகசியமாக நுழையும் வழி) வைத்த வட்டுப் பிரதிக்குத் திருப்பிவிட்டார்கள். அதிகாரபூர்வத் தளம், அதிகாரபூர்வப் பொத்தான், ஆனால் வந்தது வேறு. இணைப்பை மாற்றும் அளவுக்கு உள்ளே போனவரால் அதே பக்கத்தில் எழுதியிருக்கும் ஹாஷையும் மாற்ற முடியும். ஆகவே அதே பக்கத்திலிருந்து எடுத்த ஹாஷ் பொருந்தினால் கோப்பு சிதையாமல் வந்தது என்று தெரியும், அவ்வளவுதான். கோப்பை இன்னார்தான் வெளியிட்டார் என்று காட்டும் டிஜிட்டல் கையொப்பம் இதைவிட ஒரு படி மேல். கையொப்பமிடும் ரகசியச் சாவி அந்த வலைத்தளத்தில் இருப்பதில்லை. தளத்தை மட்டும் பிடித்தவரால் போலிக் கையொப்பம் போட முடியாது.

கையொப்பமும் முற்றான காப்பு அல்ல. 2016 மார்ச்சில் மேக் கணினிகளுக்கான டிரான்ஸ்மிஷன் என்ற டோரன்ட் மென்பொருளின் (பயனர்கள் கோப்புகளைத் துண்டு துண்டாகத் தங்களுக்குள் பகிர்ந்துகொள்ள உதவுவது) 2.90 பதிப்பு, அதன் சொந்தத் தளத்திலேயே கெரேஞ்சர் என்ற, கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் பிணைத்தொகைத் தீநிரலோடு வைக்கப்பட்டிருந்தது. அதில் ஆப்பிள் ஏற்கும் செல்லுபடியான கையொப்பம் இருந்தது. ஆனால் அது வேறொருவருடைய சான்றிதழ். அந்த நிரல் உள்ளே நுழைந்து மூன்று நாள் சும்மா இருந்துவிட்டுத்தான் கோப்புகளைப் பூட்டத் தொடங்கும். 2017இல் கணினியில் தேவையற்ற கோப்புகளை நீக்கும் சிகிளீனர் மென்பொருளின் 5.33 பதிப்பில் நடந்தது இன்னும் மோசம். தயாரிப்பாளரின் சொந்தக் கையொப்பத்தோடு, சொந்தச் சர்வரிலிருந்தே தீநிரல் போனது. கண்டுபிடித்து அறிவிக்க ஏறத்தாழ ஒரு மாதம் ஆனது. அதற்குள் சுமார் 22.7 லட்சம் கணினிகளுக்குப் போய்விட்டது. அந்த நாள்களில் அதை நிறுவியவர் எவ்வளவு கவனமாக இருந்திருந்தாலும் வீட்டிலிருந்து அதைக் கண்டுபிடித்திருக்க வழியில்லை. இதைச் சொல்வது உங்களைப் பயமுறுத்துவதற்காக அல்ல. கோப்பைச் சோதிப்பதற்கு ஓர் எல்லை இருக்கிறது; அதற்கு அப்பால் நம்மைக் காப்பாற்றுவது தனியே எடுத்துவைத்த நகல் மட்டுமே. கணினியோடு எப்போதும் இணைந்திராத ஒரு வட்டில் உங்கள் முக்கியக் கோப்புகளின் நகல் இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இல்லையென்றால் மறுநிறுவல் முடிந்த கையோடு அதைச் செய்யுங்கள்.

ஆனாலும் நான் பார்த்த தொற்றுகளில் மிகப் பெரும்பாலானவை இப்படி அரிதான வழியில் வந்தவை அல்ல. தேடுபொறியின் வழியாக வந்தவை. ஒரு பிரபல மென்பொருளின் பெயரைத் தேடுகிறோம், மேலே விளம்பரமாக வரும் முதல் இணைப்பைச் சொடுக்குகிறோம், அசலைப் போலவே இருக்கும் பக்கம் திறக்கிறது. 2022 டிசம்பரில் அமெரிக்காவின் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐ இதைப் பற்றிப் பொது எச்சரிக்கையே விடுத்தது. முகவரியை நீங்களே தட்டச்சு செய்யுங்கள், அல்லது இயங்குதளத்தோடு வரும் மென்பொருள் கடையிலிருந்தே நிறுவுங்கள். கடைகளிலும் கெட்டது நுழைந்ததுண்டு. ஆனால் அங்கே நுழைவது கடினம், வெளியேற்றுவது எளிது. நம்பகமான சேவையின் முகவரியில் கோப்பு இருக்கிறது என்பதையும் சான்றாகக் கொள்ளாதீர்கள். மொசில்லா 2019இல் தொடங்கிய ஃபயர்பாக்ஸ் சென்ட் தனியுரிமையை மதித்து உருவாக்கிய நல்ல கோப்புப் பகிர்வுச் சேவை. தீநிரல் பரப்புகிறவர்கள் அந்த நற்பெயருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டதால் 2020இல் அதை மூடவே வேண்டியதாயிற்று.

அடுத்து, எது ஆவணம், எது நிரல் என்பதைப் பெயரைப் பார்த்துப் பிரித்தறியப் பழகுங்கள். 2000 மே மாதம் உலகைச் சுற்றிய ஐலவ்யூ புழு, காதல் கடிதம் என்ற பெயரில் டிஎக்ஸ்டி என்று முடிவதுபோல் தெரியும் இணைப்பாக வந்தது. அதற்குப் பின் இன்னொரு புள்ளியும், அது நிரல் என்று காட்டும் விபிஎஸ் என்ற உண்மையான எக்ஸ்டென்ஷனும் (கோப்பின் வகையைச் சொல்லும் கடைசி எழுத்துகள்) இருந்தன. விண்டோஸ் அதை மறைத்துக் காட்டியதால் மக்கள் வெறும் கடிதம் என்று நினைத்துத் திறந்தார்கள். இத்தனை ஆண்டுகள் கழித்தும் விண்டோஸ் எக்ஸ்டென்ஷனை மறைத்தே வருகிறது. ஃபைல் எக்ஸ்ப்ளோரரின் வியூ பகுதியில் அதைக் காட்டச் சொல்லுங்கள்; ஒரு நிமிட வேலை. கோப்பின் சின்னத்தை நம்பாதீர்கள், நிரலை எழுதுபவர் எந்தச் சின்னத்தையும் வைக்கலாம். இணையத்திலிருந்து வந்த ஆபீஸ் கோப்புகளின் மேக்ரோக்களை (ஆவணத்துக்குள் இருக்கும் சிறு நிரல்களை) மைக்ரோசாஃப்ட் 2022இல் இயல்பாகவே தடுத்தது. உடனே தாக்குபவர்கள் ஐஎஸ்ஓ வட்டுப் பிரதிகளுக்கும் ஷார்ட்கட் கோப்புகளுக்கும் மாறினார்கள். "விலைப்பட்டியல்" என்ற பெயரில் ஐஎஸ்ஓ வந்தால் அது விலைப்பட்டியல் அல்ல.

படம், பாட்டு, பிடிஎஃப் போன்ற வெறும் தரவுக் கோப்புகள் நிரல்களைவிட மிகவும் பாதுகாப்பானவை. முழுப் பாதுகாப்பு என்று சொல்ல முடியாததற்குக் காரணம், அவற்றைத் திறக்கும் மென்பொருளில் இருக்கும் ஓட்டைகள். 2023இல், சுருக்கக் கோப்புகளைத் திறக்கும் வின்ரார் மென்பொருளில் அப்படி ஓர் ஓட்டை இருந்தது: சுருக்கக் கோப்புக்குள் தெரியும் சாதாரணப் படத்தைச் சொடுக்கினால் மறைந்திருக்கும் நிரல் ஓடும். 6.23 பதிப்பில் சரிசெய்தார்கள். ஆனால் வின்ரார் தானாகப் புதுப்பித்துக்கொள்வதில்லை என்பதால் எத்தனையோ கணினிகளில் பழையதே கிடக்கிறது. உங்களிடம் எந்தப் பதிப்பு என்று பாருங்கள்.

டோரன்ட் பற்றியும் ஒரு சொல் கேட்டிருந்தீர்கள். அந்தத் தொழில்நுட்பத்தில் குற்றமில்லை. பல லினக்ஸ் வெளியீடுகள் அதன் வழியாகத்தான் சிக்கனமாகப் பரவுகின்றன. இரண்டை அறிந்திருங்கள். உங்கள் இணைய இணைப்பை அடையாளம் காட்டும் ஐபி முகவரி அந்தக் கோப்பைப் பகிரும் எல்லோருக்கும் தெரியும். டோரன்ட் ஒவ்வொரு துண்டையும் ஹாஷ் வைத்துச் சரிபார்ப்பது, முதலில் ஏற்றியவர் வைத்த கோப்பே உங்களுக்கு வந்தது என்பதைத்தான் உறுதிசெய்யும். ஏற்றியவர் யார் என்பதை அல்ல. உரிமப் பூட்டை உடைத்து இலவசமாகத் தரும் மென்பொருள்களை எந்த வழியிலும் இறக்காதீர்கள். நான் அழித்து நிறுவிய கணினிகளில் பாதிக்கு மேல் அங்கிருந்துதான் தொடங்கின.

கடைசியாக, ஆவணங்களைப் பகிர்வது. "இணைப்பு வைத்திருக்கும் எவரும் பார்க்கலாம்" என்ற அமைப்பு, சாவியைக் கதவிலேயே தொங்கவிடுவது போன்றது. இணைப்பை ஒருவர் ஒரு குழுவில் முன்னனுப்பினால் போதும், அதன் பிறகு யார் திறக்கிறார் என்பது உங்கள் கையில் இல்லை. பெயர் குறிப்பிட்டு, இன்னின்ன மின்னஞ்சல் முகவரிகளுக்கு மட்டும் அனுமதி கொடுங்கள். காலாவதித் தேதி வைக்க முடிந்தால் வையுங்கள். அடையாளச் சான்று, சொத்துப் பத்திரம் போன்றவற்றை ஏற்றும் முன்பே பூட்டிவிடுவது நல்லது. செவன்-ஜிப் என்ற இலவச மென்பொருள் ஏஇஎஸ்-256 என்ற வலுவான மறையாக்க முறையில் பூட்டும். ஜிப் வடிவத்தில் பூட்டினால் உள்ளே இருக்கும் கோப்புகளின் பெயர்கள் வெளியே தெரியும்; அதன் சொந்த வடிவத்தைத் தேர்ந்தெடுத்து, பெயர்களையும் மறைக்கும் குறியை இடுங்கள். கடவுச்சொல்லை அதே மின்னஞ்சலில் அனுப்பாமல் தொலைபேசியில் சொல்லுங்கள்.

கோப்புக்குள் கண்ணுக்குத் தெரியாமல் போகும் விவரங்களையும் கவனியுங்கள். 2012 டிசம்பரில், தலைமறைவாக இருந்த, மெக்காஃபி ஆன்டிவைரஸ் நிறுவனத்தைத் தொடங்கிய ஜான் மெக்காஃபி குவாத்தமாலாவில் இருப்பதை, ஒரு பத்திரிகை வெளியிட்ட புகைப்படத்தின் உள்ளே இருந்த ஜிபிஎஸ் விவரம் காட்டிக்கொடுத்தது. கைபேசியில் எடுத்த படத்தை அசல் கோப்பாக அனுப்பும்போது உங்கள் வீடு இருக்கும் இடமும் அதோடு போகக்கூடும். பிடிஎஃப் ஆவணத்தில் எண்களின் மேல் கறுப்புப் பட்டை வரைந்து மறைப்பதும் அப்படித்தான். அடியில் எழுத்து அப்படியே இருக்கும். நகலெடுத்து ஒட்டினால் வந்துவிடும். 2019 ஜனவரியில் அமெரிக்க நீதிமன்றத்தில், டிரம்ப்பின் முன்னாள் தேர்தல் பிரசாரத் தலைவர் பால் மேனஃபோர்ட்டின் வழக்கறிஞர்கள் தாக்கல் செய்த ஆவணத்திலேயே இது நடந்தது. மறைக்க வேண்டிய பகுதியை உண்மையாகவே நீக்கிவிட்டு, அந்தப் பக்கத்தைப் படமாக்கி அனுப்புங்கள்.

இங்கே உங்கள் இரண்டாவது கேள்வி போன வார விஷயத்தோடு சேர்ந்துகொள்கிறது. அந்த நிரலை இயக்கியபோது உங்கள் கிளவுட் கணக்கும் அதே கணினியில், அதே உலாவியில் திறந்திருந்திருக்கும். எனவே கடவுச்சொற்களை மாற்றும் வரிசையில் மின்னஞ்சலுக்கும் வங்கிக்கும் அடுத்து அதை வையுங்கள். மாற்றியபின், இணைந்திருக்கும் கருவிகளின் பட்டியலில் உங்களுடையது அல்லாத எதுவும் இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு இதுவரை பகிர்ந்த இணைப்புகள் ஒவ்வொன்றையும் திறந்து, இனித் தேவையில்லாதவற்றை ரத்து செய்யுங்கள். வேலை முடிந்த பிறகும் சந்தேகம் இருந்தால், அந்தக் கோப்பின் ஹாஷை மட்டும் இங்கே எழுதுங்கள், பார்க்கிறேன். கோப்பை யாருக்கும் அனுப்ப வேண்டாம்.